சுரங்க மூடலும் கல்விக் கடனின் பிணையும்: தங்கவயல் வழியாக ஒரு பார்வை

2001 பிப்ரவரி 28 அன்று நிதிநிலை அறிக்கை வாசித்த யஷ்வந்த் சின்ஹா, வங்கிகள் வகுத்திருந்த புதிய கல்விக் கடன் திட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம். படிப்பு முடிந்தபின் ஓராண்டு அவகாசம். அதன்பின் 5 முதல் 7 ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம். அதே நாளில்தான் கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை இழுத்து மூடியது. தற்செயல்தான். ஆனால் கடன் கேட்டு வருபவரை வங்கி எதைப் பார்த்து நம்பியது என்ற கேள்விக்கு இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கப் பணியை ஏற்றபின், வடாற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், இங்கே வந்து குடியேறின. சாம்பியன் ரீஃப், ஊர்காம், மாரிக்குப்பம் என்று எங்கு பார்த்தாலும் லயன் வீடுகள். அவை கம்பெனிக்குச் சொந்தம். மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கும் பட்டா கிடையாது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. முதலாளி மாறினார், வீட்டின் உரிமை மாறவில்லை. 1992இல் நிறுவனம் நலிந்ததாகக் கணக்கிடப்பட்டு, தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் (பி.ஐ.எஃப்.ஆர்.) முன் சென்றது. 2000இல் அவ்வாரியம் கலைப்புக்குப் பரிந்துரைத்தது.

இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எம்.டெக். அல்லது எம்.பி.ஏ. இடம் கிடைத்து வங்கிக்குப் போனால் என்ன கேட்பார்கள்? சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், அப்பாவின் சம்பளச் சீட்டு. தொகை பெரிதானால் சொத்துப் பத்திரமும் வேண்டும். முதலிரண்டும் கையில் இருக்கும். சம்பளச் சீட்டு சுரங்கத்தோடு போயிற்று. பத்திரம் ஒருநாளும் இருந்ததில்லை. பிணை வேண்டாம் என்ற சலுகையிலும் பெற்றோர் இணைக்கடனாளியாகக் கையெழுத்திட்டாக வேண்டும் என்பதால், குடும்பத்தின் சரிவு விண்ணப்பத்துக்குள் வந்துவிடும்.

பிணை வீட்டிலிருந்து கல்லூரிக்கு மெல்ல இடம்பெயர்ந்ததே அடுத்த இருபதாண்டு வரலாறு என்பது என் வாதம். இதற்கான கருவிகள் முன்பே இருந்தன. கல்லூரிகளை மதிப்பிடும் நாக், தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் என்.பி.ஏ. இரண்டும் 1994இல் பிறந்தவை. நாக் அமைந்தது பெங்களூரில், தங்கவயல்காரர்கள் நாள்தோறும் வேலைக்கு ரயிலேறிப் போகும் அதே நகரில். அப்போது அதன் தரக்குறிக்கும் கடனுக்கும் தொடர்பில்லை. 2009-10இல் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு வட்டி மானியம் தந்தது. இளநிலைக்கோ முதுநிலைக்கோ ஒருமுறைதான். பி.இ.க்கு வாங்கியவருக்கு எம்.டெக்.கில் கிடையாது. 2018இல் அந்த மானியத்துக்கே நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் நிபந்தனையானது; தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களும் மத்திய நிதி பெறுபவையும் விலக்கு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம், தரவரிசையில் தேறிய உயர்கல்வி நிறுவனங்களோடு, தொடக்கத்தில் 860, எல்லை கட்டிவிட்டது.

ஒருவகையில் இது நியாயம்தான். பட்டா இல்லாதவன் படிக்கும் இடத்தைக் காட்டிக் கடன் வாங்கலாம். ஆனால் பணமில்லாமல் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு உதவாது. நீதிமன்றங்கள் வேறு திசையில் பார்த்தன. பெற்றோரின் கடன் மதிப்பெண் மோசம் என்று கல்விக் கடனை மறுக்கக் கூடாது, அடைக்கப்போவது மாணவரின் நாளைய வருமானம் என்றது கேரள உயர் நீதிமன்றம். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதும் காரணமாகாது என்று 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திவால் சட்டம் அவ்வளவு இளகவில்லை. அமெரிக்கா 1976இல் கல்விக் கடனைத் திவால் விடுதலையிலிருந்து ஒதுக்கத் தொடங்கி, 2005இல் தனியார் கடனையும் அதில் சேர்த்தது. இந்தியாவில் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம் விலக்கிவைத்த கடன்களில் அரசு பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் உண்டு. கல்விக் கடன் கிடையாது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டமோ 79(15)ஆம் பிரிவில் மாணவர் கடனை அபராதத்தோடும் ஜீவனாம்சத்தோடும் வரிசையில் வைத்துவிட்டது. அதன் தனிநபர் பகுதி 2019 டிசம்பரில் நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே அமலாயிற்று. அது எல்லோருக்கும் விரியும் நாளில், நொடித்துப்போன பட்டதாரிக்கு மற்ற பெரும்பாலான கடன்கள் தீரும். முதுநிலைப் படிப்புக்கு வாங்கியது அப்படியே நிற்கும்.