உம்மையின் கணக்கு

நன்னூல் படித்தவர்களுக்கு எண்ணும்மை நினைவிருக்கும். 'நிலமும் நீரும்' என்னும்போது இரண்டையும் எண்ணிச் சேர்க்கும் அந்த 'உம்'தான் அது. தருக்கவியலார் இவ்வேலைக்கு ∧ என்றொரு குறியை வைத்திருக்கிறார்கள். இரு கூற்றுகளுக்கு நடுவே அது நின்றால் இரண்டும் மெய்யாக வேண்டும்; ஒன்று பொய்த்தாலும் முழுவதும் பொய்.

குறியின் வரலாறு நீண்டதன்று. 1854-இல் நூல் எழுதிய ஜார்ஜ் பூலுக்கு இது வெறும் பெருக்கல்: ஒன்றைச் சுழியால் பெருக்கினால் சுழியே. ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் 1910-இல் புள்ளி வைத்தார்கள். 'அல்லது' என்பதற்கு ∨ வழக்கில் இருந்தது. 'வெல்' என்ற இலத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. 1930-இல் ஹெய்ட்டிங் அதைத் தலைகீழாக்கி இணைப்புக்குப் பயன்படுத்தினார்.

ஐரோப்பியக் குறி இரண்டுக்கும் நடுவில் ஒருமுறைதான் நிற்கிறது. நம் உம்மையோ ஒவ்வொன்றின் தலையிலும் ஏறிக்கொள்கிறது. எந்த உறுப்பும் தப்ப முடியாது. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணும் முற்றும் அவற்றுள் அடக்கம். 'எல்லாரும் வந்தனர்' என்பது, அவனும் வந்தான் இவளும் வந்தாள் என்று நீளும் எண்ணின் சுருக்கம்தானே? ஒரே இடைச்சொல் இரண்டையும் சுமப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கை நம் பாலாற்றங்கரையில் வைத்துப் பார்க்க ஒரு வழக்கு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் உள்ளிட்ட தோல் நகரங்களின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தது அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் உள்ளிட்ட உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டம் அப்போது இல்லை. அது 2019-இல் பிறந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமற் போனதைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சராசரியாக 35 லிட்டர் நீர் செலவாகும் என்பதையும் அது குறிக்கிறது.

ஆலைகளுக்கு ஓரிடத்தில் 'அல்லது' வழங்கப்பட்டது: பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ, தனி நிலையமோ, எதுவாயினும் சரி. ஆனால் மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற கொள்கையை விளக்கும் இடத்தில் விருப்பத்துக்கு இடமில்லை. பாதிக்கப்பட்டோர்க்கு ஈடும் தரவேண்டும், கெட்ட சூழலை மீட்கும் செலவும் ஏற்கவேண்டும். இரண்டு உம்மை. பணத்தைக் கட்டிவிட்டு மண்ணை அப்படியே விடுவதும், மண்ணைச் சீராக்கிவிட்டு உழவனை வெறுங்கையோடு அனுப்புவதும் பூலின் கணக்கில் ஒன்றே: சுழி.

தருக்கத்தில் காலம் கிடையாது. ஊரில் உண்டு. தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று வேலூர் மாவட்டத்துக்கான இழப்பீட்டை வரையறுத்தது. சுமார் 29 ஆயிரம் பேர் பட்டியலில் இருந்தனர். எண்ணும்மையின் முதல் உறுப்பே அத்தோடு நிறைவேறிவிடவில்லை. வழக்குகள் தொடர்ந்தன, இரண்டாம் உறுப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலதற்கே வாதம் திரும்பியது. இலக்கணத்தில் உம்மை மறைந்து நிற்பதை உம்மைத்தொகை என்போம். மறைந்தாலும் பொருள் இருக்கும். இங்கே உம்மை எழுத்தில் இருந்தது, பொருள்தான் தொக்குப்போயிற்று.

2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் தீர்ப்பு வழங்கியது. எஞ்சிய இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு வழங்கி, மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும். சுற்றுச்சூழலைத் தணிக்கை செய்ய ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைய வேண்டும். சூழலுக்கு நேர்ந்த கேடு சீராகும்வரை ஆலைகளின் பொறுப்பு நீங்காது. 1996-இன் அதே இரண்டு உறுப்புகள், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அதே வரிசையில்.