ஒரு பென்னி இதழும் சிறை சென்ற கைகளும்



இதழ்களின் வரலாற்றில் ஆசிரியர்களை நினைவுகூர்கிறோம். அவற்றை விற்றவர்களை மறந்துவிடுகிறோம். இந்த நினைவுரையை விற்றவர்களிடமிருந்து தொடங்குகிறோம்.

1819 ஆகஸ்டில் மான்செஸ்டர் நகரில், வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தது. அதுவே பீட்டர்லூ படுகொலை. அந்த ஆண்டின் இறுதியில் பிரித்தானிய நாடாளுமன்றம் ஆறு அடக்குமுறைச் சட்டங்களை இயற்றியது. அவற்றுள் ஒன்று, ஆறு பென்னிக்குக் குறைந்த விலையில் அரசையும் திருச்சபையையும் விமர்சித்த இதழ்கள்மீதும் நான்கு பென்னி முத்திரை வரியைச் சுமத்தியது. கருத்தைவிட அதன் மலிவே ஆட்சியாளர்களை அச்சுறுத்தியது.

தகரத் தொழிலாளியான ரிச்சர்டு கார்லைல், தாமஸ் பெயினின் மத விமர்சன நூலை வெளியிட்டதற்காக ஆறு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 'ரிபப்ளிகன்' இதழைச் சிறையிலிருந்தே நடத்தினார். கடையை ஏற்று நடத்திய மனைவி ஜேனும் தங்கை மேரி ஆனும் சிறைப்பட்டனர். அடுத்தடுத்துத் தொண்டர்கள் வந்து கடையில் நின்றார்கள். சிறை நிச்சயம் என்று தெரிந்தே வந்தார்கள். நாட்டிங்காமின் சூசன்னா ரைட் நீதிமன்றத்தில் தன் வழக்கைத் தானே வாதாடி, கைக்குழந்தையோடு சிறை புகுந்தார்.

1831இல் ஹென்றி ஹெதரிங்டன் 'ஏழைகளின் காவலன்' இதழை முத்திரை வரி கட்டாமல், ஒரு பென்னிக்கு வெளியிட்டார். சட்டத்தை மீறியே வெளியிடுவதாக முகப்பிலேயே அறிவித்தார். அத்தகைய இதழ்களை விற்ற நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். வரி 1836இல் ஒரு பென்னியாகக் குறைந்தது, 1855இல் ஒழிந்தது.

வரி போனபின்னும் மத நிந்தனைச் சட்டம் எஞ்சியது. 1883இல் 'ஃப்ரீதிங்கர்' ஆசிரியர் ஜி. டபிள்யூ. ஃபூட் ஓராண்டுச் சிறை பெற்றார். அதே பத்தாண்டில், சார்லஸ் பிராட்லா போன்றோரின் சுதந்திரச் சிந்தனை இயக்கத்தோடு உறவு கொண்டிருந்த சென்னை இலௌகிக சங்கம் 'தத்துவ விவேசினி'யைத் தமிழில் நடத்தியது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தம் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயரிட்டார். யார் கைக்குப் போய்ச் சேர வேண்டிய இதழ் என்பதை அந்த விலையே சொன்னது.

நம் சிற்றிதழ்களும் தோழர்கள் தோளில் சுமந்து விற்றதால்தான் நின்றன. எழுதியவரின் பெயரோடு அவர்களின் பெயரையும் பதிவுசெய்வோம். அது நம் வரலாற்றுக் கடமை.