அரசாங்க உத்தியோகமும் அதன் நிலைபேறும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது ஈழத்தில் வழங்கும் பழமொழி. மழையையும் விளைச்சலையும் நம்பி வாழும் சம்மாந்துறை போன்ற வயலூர்களில், மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய அரசாங்க உத்தியோகம் நிலையான பேறாகக் கருதப்பட்டமை வியப்பன்று. ஆயின் அந்நிலைபேறு எத்தகையது?

1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பின்படி, அரசாங்க உத்தியோகத்தர் முடியின் விருப்பு உள்ளவரை மட்டுமே பதவி வகித்தனர். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. தமிழ் பேசும் உத்தியோகத்தர் யாவரையும் அது தொட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த கோடீஸ்வரன் என்னும் அரசாங்க உத்தியோகத்தருக்கு 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, உத்தியோகத்தர் தம் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடர இயலாது என்றது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அவ்வுரிமை உண்டெனத் தீர்த்தது.

எனினும் 1980 யூலையில், முந்நூறு ரூபா சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தோரில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் தொழிலிழந்தனர். வெள்ளம் வயலை அழிப்பதுபோல ஓர் ஆணை உத்தியோகத்தையும் அழிக்கவல்லது. ஊரார் பொறாமையோடு நோக்கிய நிலைபேற்றுக்குச் சட்டமே வரம்பு. அவ்வரம்பைக் காத்தல் உத்தியோகத்தர்க்கும் ஊரார்க்கும் பொதுக் கடனாகும்.