உறைந்த பீட்சா: பெட்டிக்குள் சுவை எங்கே போனது?

பேரங்காடிக்குப் போகும் குடும்பங்கள் உறைபதனப் பெட்டிகளின் வரிசையில் சற்று நேரம் நின்றுவிடுவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். பீட்சாப் பெட்டிகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கும். எல்லாப் பெட்டிகளின் மேலும் ஏறக்குறைய ஒரே படம்தான்: உருகி வழியும் பாலாடைக்கட்டி, சிவந்த தக்காளி, பொன்னிறமாக உப்பிய ஓரம். வீட்டுக்குக் கொண்டுவந்து சூடாக்கினால் ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்று நனைந்த அட்டையைப் போல் இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கேள்வியைக் கேட்டு அலைந்தவர்கள் வாங்குவோர் மட்டும் அல்லர். அந்தப் பீட்சாவைச் செய்து விற்றுக் கோடீஸ்வரியான ஓர் அம்மையாரே தமது பீட்சாவின் அடி ரொட்டியை நினைத்துப் பல ஆண்டுகள் வெட்கப்பட்டார். உறைந்த பீட்சாவின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த அடி ரொட்டியின் வரலாறுதான்.

முதலில் உறைய வைக்கும் கலையைப் பற்றிச் சுருக்கமாகப் பார்ப்போம். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912-ஆம் ஆண்டில் கனடாவின் வடகிழக்கே உள்ள லாப்ரடோருக்குச் சென்றார். அங்குள்ள இன்யூட் மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். வெளியே எடுத்த மறுநொடியே கடுங்குளிர் காற்றில் மீன் கல்லாக உறைந்துவிடும். சில மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் அதன் சுவை கெடுவதில்லை. இதன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். மெதுவாக உறையும்போது உணவிலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாக மாறித் தசையைக் கிழித்துவிடுகிறது. விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறியவையாக இருக்கின்றன, உணவு குலைவதில்லை. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்ததை அவர் இயந்திரமாக்கினார். அவருடைய நிறுவனமும் காப்புரிமைகளும் 1929-இல் 22 மில்லியன் டாலருக்கு விலைபோயின. மறு ஆண்டு மார்ச் மாதம் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 18 கடைகளில் உறைந்த உணவு பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

மீனுக்கும் பட்டாணிக்கும் பொருந்திய இந்த வித்தை பீட்சாவுக்கு எளிதில் பொருந்தவில்லை. மீன் ஒரே பொருள். பீட்சாவோ ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பொருள்கள்: அடியில் ரொட்டி, நடுவில் தக்காளி சாஸ், மேலே பாலாடைக்கட்டி. சாஸின் பெரும்பகுதி நீர். ரொட்டியோ நீரைக் குடிக்கக் காத்திருக்கும் பொருள். உறைவதற்கு முன்பும், பிறகு அடுப்பில் பனி உருகும்போதும், மேலுள்ள ஈரம் கீழே இறங்கிவிடுகிறது. அடி சொதசொதவென்று ஆகிறது. அது காயும்வரை வேகவைத்தால் மேலே உள்ளது கருகிவிடுகிறது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் புச்சி என்பவர் 1950-லேயே இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1954-இல் அது வழங்கப்பட்டது. ரொட்டிக்கும் சாஸுக்கும் நடுவே ஈரம் புகாதபடி ஒரு பூச்சு இடுவதே அவருடைய யோசனை. நியூ ஜெர்சியைச் சேர்ந்த செலன்டானோ சகோதரர்கள் 1957-இல் உறைந்த பீட்சாவை நாடெங்கும் விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுகிறார்கள். அப்போது அமெரிக்க வீடுகளில் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் பெருகிக்கொண்டிருந்தன. தட்டோடு உறைந்து வரும் இரவு உணவைச் சுவான்சன் நிறுவனம் 1954-வாக்கில் பரப்பியிருந்தது. எனவே வாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். நல்ல பீட்சாதான் இல்லை.

வாகனத்தை அடகு வைத்த ரோஸ் டோட்டினோ

இங்கேதான் ரோஸ் டோட்டினோ அம்மையார் வருகிறார். இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1915-இல் மின்னியாபோலிஸ் நகரில் பிறந்தவர். வறுமையின் காரணமாக 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, வாரம் இரண்டரை டாலர் கூலிக்குப் பிறர் வீடுகளைச் சுத்தம் செய்தார். ரொட்டிச் சுடுபவரான ஜிம் டோட்டினோவை 1934-இல் மணந்தார். விருந்துகளிலும் பள்ளிக் கூட்டங்களிலும் அவர் செய்து கொடுத்த பீட்சாவைச் சாப்பிட்டவர்கள், கடை திறக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள்.

கடை திறக்க 1,500 டாலர் தேவைப்பட்டது. 1951-ஆம் ஆண்டு கணவனும் மனைவியும் வங்கிக்குச் சென்றார்கள். மின்னசோட்டா மாநிலம் ஸ்காண்டிநேவிய, ஜெர்மானிய வழித்தோன்றல்கள் நிறைந்த இடம். கடன் கொடுக்க வேண்டிய அதிகாரி பீட்சாவைத் தின்றதே இல்லை. தின்னாத பண்டத்தை நம்பி எப்படிக் கடன் கொடுப்பார்? ரோஸ் அம்மையார் பீட்சாவைச் சுட்டு வங்கிக்கே கொண்டுபோனார். வாகனத்தை ஈடாக வைத்துக்கொண்டு வங்கி பணம் கொடுத்தது. எத்தனை பக்கத் திட்ட அறிக்கையும் அந்த ஒரு துண்டுப் பீட்சா செய்த வேலையைச் செய்திருக்காது என்றுதான் சொல்ல வேண்டும்.

வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் கடையாகத் தொடங்கிய அது சில வாரங்களிலேயே சூடுபிடித்தது. ஜிம் தம் ரொட்டிக்கடை வேலையை விட்டுவிட்டார். பத்தாண்டுகள் இரவு பகலாக உழைத்த பின்னர், 1962-இல் இருவரும் உறைந்த உணவுத் தொழிலில் இறங்கினார்கள். முதலில் பீட்சா அல்ல. பாஸ்தா வகைகளைத்தான் உறைய வைத்து விற்றார்கள். அது பெரும் தோல்வியில் முடிந்தது. சேமித்ததெல்லாம் கரைந்து, தொழிலை மூடும் நிலை வந்தபோது, மீண்டும் கடன் வாங்கிப் பீட்சாவுக்கு மாறினார்கள்.

மாவு பிசைந்து ரொட்டி சுடும் இயந்திரம் வாங்க அவர்களிடம் வசதியில்லை. முன்கூட்டியே சுட்ட அடி ரொட்டிகளை வெளியிலிருந்து வரவழைத்து, அவற்றின் மேல் தங்கள் சாஸையும் பாலாடைக்கட்டியையும் இட்டு உறைய வைத்தார்கள். பீட்சா அமோகமாக விற்றது. 1960-களின் இறுதிக்குள் நாட்டில் அதிகம் விற்பனையாகும் உறைந்த பீட்சாக்களின் முன்வரிசையில் டோட்டினோ பெயர் நின்றது. ஆனால் சமையற்கட்டில் கைவைத்து வளர்ந்த அந்தப் பெண்மணிக்குத் தெரியும்: சாஸ் அவருடையது, ரொட்டி அவருடையது அல்ல, அது அட்டை. பணம் கொட்டியபோதும் அந்தக் குறை அவரை விடவில்லை.

1975-இல் பில்ஸ்பரி நிறுவனம் டோட்டினோ தொழிலை ஏறக்குறைய 20 மில்லியன் டாலருக்கு வாங்கியது. பணத்தை வாங்கிக்கொண்டு ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ அந்த நிறுவனத்தின் முதல் பெண் துணைத் தலைவராகப் பொறுப்பேற்றார். மாவைப் பற்றி ஆராயும் கூடமும் அறிவியலாளர்களும் பில்ஸ்பரியிடம் இருந்தார்கள். நல்ல அடி ரொட்டி வேண்டும் என்பதே அவர்களிடம் அவர் வைத்த கோரிக்கை. முடிவில் கிடைத்த விடை பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான்: எண்ணெயில் பொரிப்பது! மாவைத் தட்டிச் சூடான எண்ணெயில் பொரித்தெடுத்தால் அதன் நீர் வெளியேறுகிறது. கொழுப்பு உள்ளே இடம் பிடிக்கிறது. மேலிருந்து இறங்கும் ஈரம் முன்போல் எளிதாக ஊறுவதில்லை. அடுப்பில் வைத்தால் மொறுமொறுப்பு திரும்புகிறது. 1979-இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்களின் பட்டியலில் ரோஸ் டோட்டினோவின் பெயரும் இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவருக்கு இது சிறிய சாதனையா?

மதுக்கூடத்திலிருந்தும் மயானத்துக்கும்

அதே காலத்தில் வேறு சிலரும் இந்தத் தொழிலுக்குச் சிறிய சமையற்கட்டிலிருந்துதான் வந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மெட்ஃபோர்டு ஊரில் சிமெக் குடும்பத்தார் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே ஒரு மதுக்கூடம் நடத்தினார்கள். அதனாலேயே அதற்குக் ‘கல்லறைக்கல்’ என்று பொருள்படும் டூம்ஸ்டோன் என்ற பெயர். சகோதரர்களில் ஒருவர் நடனமாடிக் காலை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்த நாளில் சோதித்துப் பார்த்த பீட்சாதான் 1962-இல் விற்பனைக்கு வந்தது. 1986-இல் கிராஃப்ட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. மின்னசோட்டாவின் ஜெனோ பலூச்சி இன்னும் வேடிக்கையானவர். இத்தாலியரான அவர் சீன உணவை டப்பாவில் அடைத்து விற்றுப் பெரும் பணம் ஈட்டியவர். சீனச் சுருளின் உறைக்குள் பீட்சாவின் உள்ளீட்டை வைத்து அவர் விற்ற ‘பீட்சா ரோல்’ இன்றும் அமெரிக்கப் பிள்ளைகளின் விருப்பப் பண்டம். இப்போது டோட்டினோ என்ற பெயரில் விற்கிறது.

எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் ஒசினெக் என்ற சிற்றூரில் பீட்சாத் தொழிற்சாலை நடத்திய குடியேறி, இலாரியோ ஃபாப்ரினி. 1973-இல், அவர் வாங்கியிருந்த டப்பாக் காளான்களில் கொடிய நச்சு இருக்கலாம் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் எழுந்தது. அவருடைய காளான் பீட்சாவைக் கொடுத்துச் சோதித்தபோது எலிகள் இறந்தன. கடைகளுக்குப் போன பீட்சாக்களையெல்லாம் திரும்பப் பெற்றார். ஏறக்குறைய 30,000 பீட்சாக்கள்! அவற்றை மறைவாகக் கொட்டாமல், அந்த ஆண்டு மார்ச் மாதம் 18 அடி ஆழக் குழி வெட்டி, எல்லாரையும் அழைத்து இறுதிச் சடங்கு நடத்தினார். மாநில ஆளுநர் வில்லியம் மில்லிகனே வந்து பேசினார். சாஸின் நிறத்துக்குச் சிவப்புப் பூவும் பாலாடைக்கட்டியின் நிறத்துக்கு வெள்ளைப் பூவும் வைத்தார்கள். பின்னர் தெரிந்தது என்ன? எலிகள் இறந்ததற்குக் காரணம் அந்த நச்சு அல்ல, பீட்சாவில் குற்றமில்லை. ஃபாப்ரினி வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார்; ஆனால் தொழில் பழைய உயரத்துக்கு எழவில்லை. தம் பெயர் போட்டு விற்ற பொருளுக்காக ஊரறியப் பொறுப்பேற்ற அவரை இன்றைய நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

மேலே இருப்பது என்ன?

அடி ரொட்டிக்கு விடை கிடைத்த காலத்திலேயே மேலே உள்ளது மாறத் தொடங்கியது. பாலாடைக்கட்டி விலை உயர்ந்த பொருள். பால் புரதத்தையும் தாவர எண்ணெயையும் கலந்து, அதைப் போலவே உருகும் ஒரு போலிப் பொருளைச் செய்ய முடிந்தபோது, மலிவு விலைப் பீட்சாக்களில் அது இடம்பிடித்தது. படத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பெட்டியின் பின்புறச் சிறிய எழுத்துகளில் மட்டுமே தெரியும். அங்கே பொருள்கள் எடையின் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். பாலாடைக்கட்டி எந்த இடத்தில் நிற்கிறது, அதன் பெயரோடு வேறு ஏதேனும் அடைமொழி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். பெட்டிக்குள் பனித்துகள் உதிர்ந்து கிடந்தால், அது வழியில் எங்கோ இளகி மீண்டும் உறைந்திருக்கலாம். அப்படிப்பட்டதன் அடி ரொட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

அமெரிக்க அரசும் இதில் ஒரே நிலையில் நிற்கவில்லை. இறைச்சிப் பீட்சா என்று பெயர் வைத்தால் குறைந்தது 15 விழுக்காடு பச்சை இறைச்சியின் அளவு அதில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2003-இல் அது நீக்கப்பட்டது. 2011-இல் நடந்தது இன்னும் விந்தையானது. பள்ளி உணவுத் திட்டத்தில் இரண்டு மேசைக்கரண்டித் தக்காளி விழுதை அரைக் கோப்பைக் காய்கறியாகக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. அதை மாற்றி உண்மையான அளவையே கணக்கிட வேளாண் துறை முயன்றது. உறைந்த உணவு நிறுவனங்கள் எதிர்த்தன. நாடாளுமன்றம் மாற்றத்தைத் தடுத்துவிட்டது. பீட்சாவைக் காய்கறி ஆக்கிவிட்டார்கள் என்று ஊடகங்கள் கேலி செய்தன. சட்டத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லை என்றாலும் கேலியில் நியாயம் இருந்தது.

மறுபுறம், சுவையைத் தேடியவர்களும் ஓய்ந்துவிடவில்லை. கிராஃப்ட் நிறுவனம் 1995-இல் டிஜோர்னோ என்ற பீட்சாவை வெளியிட்டது. அதன் அடி ரொட்டி முன்கூட்டியே சுடப்பட்டதன்று. மாவு பச்சையாகவே உறைந்திருக்கும். வீட்டு அடுப்பில்தான் உப்பி எழும். கடையில் அப்போதே சுட்டுத் தரும் பீட்சாவோடு தன்னை ஒப்பிட்டு விளம்பரம் செய்யும் துணிவு உறைந்த பீட்சாவுக்கு அப்போதுதான் வந்தது. விலையும் அதற்கேற்ப ஏறியது, மக்கள் கொடுத்தார்கள். 2010-இல் டிஜோர்னோ, டூம்ஸ்டோன் உள்ளிட்ட கிராஃப்டின் பீட்சாத் தொழிலை நெஸ்லே நிறுவனம் 3.7 பில்லியன் டாலருக்கு வாங்கியது. டோட்டினோ பெயர் 2001-இல் பில்ஸ்பரியோடு சேர்ந்து ஜெனரல் மில்ஸுக்குப் போனது. ரோஸ் அம்மையார் அதைப் பார்க்க இல்லை, 1994-இல் காலமானார். அவரும் கணவரும் உதவிய கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி டோட்டினோ-கிரேஸ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

ஈரமும் மாவும் நடத்திய இந்தப் போராட்டத்தில் அதிகம் சிரமப்படாமல் வென்ற பண்டம் ஒன்று நம் நாட்டு உறைபதனப் பெட்டியிலேயே இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் வீசி மடித்துச் சுடப்படும் ரொட்டி சானாயும், அதன் சிங்கப்பூர் வடிவமான ரொட்டி பிராட்டாவும்தான் அவை. மாவின் அடுக்குகளுக்கிடையே ஏற்கெனவே எண்ணெய் பரவியிருக்கிறது. மேலே சாஸ் இல்லை; குழம்பு தனியே வருகிறது. எனவே நீர் இறங்கி ஊறுவதற்கு வழியே இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் உறைய வைக்கப்படும் இந்த ரொட்டி, இன்று பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கடைகளிலும் கிடைக்கிறது. எண்ணெய் ஊற்றாத தோசைக்கல்லில் உறைந்தபடியே போட்டால் சில நிமிடங்களில் அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிறது.