இருட்டறையும் மைத்துளியும்

கொழும்பிலே கலையார்வம் உடையோர் யாவரும் லயனல் வென்ட் அரங்கினை அறிவர். அப்பெயருக்குரியவர் வாழ்ந்த இல்லம் இருந்த நிலத்திலேயே அவ்வரங்கு எழுந்தது. 1900ஆம் ஆண்டிற் பிறந்த வென்ட், இங்கிலாந்து சென்று சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது கறுப்பு வெள்ளைப் புகைப்படமே. 1944 டிசம்பரில் அவர் மறைந்தார். பின்னர் அவருடைய நெகட்டிவுகள் அழிக்கப்பட்டன. இன்று உலகம் அவர் கலையை அறிவது, அவர் அச்சிட்ட படங்கள் எஞ்சியமையாலேயே ஆகும்.

அத்தகைய படம் எவ்வாறு உருவாகிறது? இருட்டறையிலே, நெகட்டிவின் ஊடாக ஒளி சென்று, வெள்ளி உப்புப் பூசிய தாளின்மேல் விழுகிறது. மருந்து நீரில் அத்தாளை இட்டதும், ஒளி பட்ட இடங்களிலே வெள்ளி கறுத்து உருவம் தோன்றுகிறது. எஞ்சிய உப்பை ஹைப்போ கரைத்துவிடும். அந்த ஹைப்போவையும் நீரால் நன்கு கழுவி நீக்குதல் வேண்டும். கழுவுதலிற் குறைவிருப்பின் படம் காலப்போக்கில் மஞ்சளித்து மங்கும். அச்சிடுவோன் ஒளியைக் கையால் மறைத்தும் கூட்டியும் தொழில் புரிவதால், ஒரு படி மற்றொன்றைப் போல் அமைவது அரிது.

1990ஆம் ஆண்டுகளில் கணினியோடு இணைந்து பரவிய இன்க்ஜெட் முறைக்கு இருட்டறை வேண்டுவதில்லை. நுண்துளைகளின் வழியே மைத்துளிகள் தாளிற் படிகின்றன. அம்மை இருவகைப்படும். சாயமை விரைவில் வெளிறும். நிறமித்துகள் கொண்ட மை நெடுங்காலம் நிற்கும். கரித்துகளாலான கருமையோ மிகவும் உறுதியானது. பண்டை நாளிலே விளக்குக் கரியால் மை கூட்டியோர் கண்ட உண்மையும் இதுவே. ஒருமுறை சீர்செய்து கணினியிற் சேமித்த படத்தை வேண்டிய பொழுதெல்லாம் ஒரே தன்மையாக அச்சிடலாம்.

ஆகவே, எது சிறந்தது என்ற வினாவுக்கு விடை முறையில் மட்டும் இல்லை. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையிலே ஈரமும் பூஞ்சணமும் இரண்டையும் பகைக்கும். இரண்டையும் காப்பது மனிதருடைய கவனமே.

அக்கவனத்தின் அருமையைக் கொழும்புத் தமிழர் துயரத்தின் வாயிலாக உணர்ந்தனர். 1983 ஜூலை வன்செயலிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் வீடுகள் எரிந்தபொழுது, பொருளோடு குடும்பப் படங்களும் எரிந்தன. பொருளை மீண்டும் ஈட்டலாம். மறைந்த தந்தையின் முகத்தை எங்கே ஈட்டுவது? ஆயினும், முன்னொரு நாள் திருமணப் படத்தின் ஒரு படியை ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பிவைத்த குடும்பத்துக்கு அம்முகம் மீண்டும் கிடைக்கும். இருட்டறையிற் பிறந்த அந்த ஒற்றைப் படியைக் கணினியிற் பதிந்து, மைத்துளியால் மக்கள் யாவருக்கும் பகிரலாம்.

முன்னது காத்துத் தந்ததைப் பின்னது பெருக்கித் தருகிறது. ஆதலின் இவ்விரண்டும் பகையல்ல. பழையதும் புதியதுமாகிய துணைகள். எந்த முறையிலே அச்சிடினும், ஒரு படியை வேறோர் இல்லத்தில் வைத்தலும், அதன் பின்புறத்தே பென்சிலால் பெயரும் ஆண்டும் குறித்தலும் நன்று. பெயர் அறியப்படாத முகம், படம் அழியாதிருந்தும் மறக்கப்பட்டுவிடும்.