கலப்புச் சோதனை (கம்பியில்லா வலையமைப்பு)

வலையமைப்பின் ஒரு பகுதியை நிஜக் கருவிகளாலும் எஞ்சியதைக் கணினி உருவகமாகவும் அமைத்துச் சோதிக்கும் முறை. அடிநிலையத்தையும் கைபேசியையும் ஆன்டெனா இல்லாமல் கேபிளால் இணைத்து, நடுவே ‘சேனல் எமுலேட்டர்’ என்ற பெட்டியை வைப்பார்கள். உதாரணமாக, சென்னை கோடம்பாக்கம் மேம்பாலத்தில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் கார், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அதிகபட்சம் 117 ஹெர்ட்ஸ் அளவுக்கு டாப்ளர் நகர்வை (வேகத்தால் அலையின் அதிர்வெண் மாறுவதை) உண்டாக்கும். அதையும், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளையும் அந்தப் பெட்டியே உருவாக்கித் தரும். மற்ற பயனர்கள் மென்பொருளில் மட்டுமே இருப்பார்கள். உண்மையான தலைவலி நேரம்தான். துணை அலைகளுக்கிடையே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள 5ஜியில் ஒரு ஸ்லாட் (நேரத் துண்டு) அரை மில்லிநொடி. அதற்குள் கணக்கிட முடியாமல் உருவகம் பின்தங்கினால் சோதனை முடிவை நம்ப முடியாது. 5ஜி கருவிகளைச் சோதிக்க இந்தியாவிலும் இடமுண்டு: சென்னை ஐஐடி தலைமையில் 8 நிறுவனங்கள் சுமார் 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைத்தளம் 2022 மே 17 அன்று தொடங்கப்பட்டது. புத்தொழில் நிறுவனங்கள் தங்கள் கருவிகளை அங்கே சோதித்துக்கொள்ளலாம்.