நிழலும் வேண்டும், நடைபாதையும் வேண்டும்

வீதியோர மரத்தின் வேர் நடைபாதையைக் கிளப்பினால் முதலில் இடறுவோர் பொய்க்கால் அணிந்தவர்களும் சக்கர நாற்காலியில் செல்பவர்களும்தான். போர் வடக்கில் அவர்களது எண்ணிக்கையைக் கூட்டியது. பொது இடங்களுக்கு அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாகின. அதற்காக நிழல்மரத்தைத் தறிப்பது தீர்வல்ல.

இறுகிய மண்ணும் அடிமரம்வரை பூசிய சீமெந்துமே பெரும்பாலும் வேர் மேலெழக் காரணம். காற்றும் நீரும் தேடும் வேர், கல்லுக்கு அடியிலேயே பருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்துவிடலாம், கழற்றி அடுக்கக்கூடிய கற்களைப் பதிக்கலாம், மேட்டைச் சாய்தளமாக்கலாம். அடிமரத்துக்கு அருகே பெருவேரை வெட்டினால், அடுத்த புயலில் மரம் சாயக்கூடும்.

யாரிடம் முறையிடுவது? ஏ-9 உட்பட ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்வீதிகளில் பெரும்பாலானவை மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வீதியின் பெயர், சரியான இடம், படம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிரதியொன்றை வைத்திருங்கள். என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.